டஸ்டர் பிறந்த ஊர்: ஒரே ஒரு கார் ஆலையை நம்பி வாழும் ருமேனியாவின் மியோவேனி

ஒரகடம் பக்கம் பத்து நிமிஷம் ரோட்டோரம் நின்றால் ஒரு பழைய ரெனால்ட் டஸ்டராவது கண்ணில் படும். 2012-ல் விற்பனைக்கு வந்து, இந்தியாவில் 'காம்பேக்ட் எஸ்யூவி' மோகத்தைக் கிளப்பிவிட்ட கார் அது. நம்ம ஒரகடம் ஆலையில்தான் தயாரானது.

ஆனால் டஸ்டரின் பூர்வீகம் ஒரகடம் கிடையாது. ரெனால்ட்டின் சொந்த நாடான பிரான்ஸும் கிடையாது. ருமேனியாவில், கார்பாத்தியன் மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கும் மியோவேனி என்ற சின்ன ஊர்தான் அதன் பிறந்த வீடு. மக்கள்தொகை சுமார் 30 ஆயிரம். அந்த ஊரில் ஓர் ஆண்டில் 3 லட்சம் கார்களுக்கு மேல் தயாராகின்றன. அதாவது ஊரில் இருக்கும் ஆட்களை விடப் பத்து மடங்கு கார்!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஊரின் தலையெழுத்து ஐம்பது வருஷத்துக்கும் மேலாக ஒரே ஆலையின் கையில் இருக்கிறது. அந்த ஆலையின் பலமோ 'விலை குறைந்த கார்'. கார் மலிவாக இருக்க வேண்டும் என்றால் அதைச் செய்கிறவரின் சம்பளமும் மலிவாகவே இருக்க வேண்டுமா? இந்தக் கேள்வியை மியோவேனி தொழிலாளர்கள் ஒருமுறை தெருவுக்கே கொண்டுவந்தார்கள்.

எங்கே இருக்கிறது மியோவேனி?

தலைநகர் புகாரெஸ்டிலிருந்து வடமேற்கே சுமார் 110 கி.மீ. போனால் பிதெஷ்டி என்ற நகரம் வரும். ஆர்ஜெஷ் மாவட்டத்தின் தலைநகரம் அது. அங்கிருந்து இன்னும் பதினைந்து கி.மீ. போல மலைப்பக்கமாகப் போனால் மியோவேனி. ஊர் ஆர்ஜெஷெல் என்ற சிற்றாற்றின் பள்ளத்தாக்கில் இருக்கிறது. சுற்றிலும் மேடும் பள்ளமுமான குன்றுகள். வடக்கே ஃபகராஷ் மலைகள். ருமேனியாவின் மிக உயரமான சிகரமான மொல்டோவேனு (2,544 மீட்டர்) இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது.

ஊருக்கு இந்தப் பெயர் வந்ததே 1996-ல்தான். அதற்கு முன் கோலிபாஷ். ருமேனிய மொழியில் 'கோலிபா' என்றால் குடிசை. கோலிபாஷ் என்றால் குடிசைவாசிகள். காரால் உலகம் சுற்றும் ஊருக்கு அப்படி ஒரு பெயர்!

பிரெஞ்சுக் கார், ருமேனியப் பெயர்

1960-களில் ருமேனியா கம்யூனிஸ்ட் நாடு. அதிபர் சௌசெஸ்குவுக்குச் சொந்தமாகக் கார் தயாரிக்க ஆசை. பக்கத்து கம்யூனிஸ்ட் நாடுகளிடம் போகாமல் மேற்கு ஐரோப்பாவின் பக்கம் திரும்பினார். மாஸ்கோவின் நிழலிலிருந்து கொஞ்சம் விலகி நிற்க விரும்பிய காலம் அது. 1966-ல் பிரான்ஸின் ரெனால்ட்டுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. கோலிபாஷில் ஏற்கெனவே வாகன உதிரிபாக ஆலை ஒன்று இருந்ததால் புதிய கார் ஆலையும் அங்கேயே வந்தது.

1968 ஆகஸ்ட் 20. முதல் கார் வெளியே வந்தது. பெயர் டாசியா 1100. ரெனால்ட் 8 என்ற பிரெஞ்சுக் காரின் ருமேனியப் பதிப்பு. 'டாசியா' என்பது ரோமானியர்கள் வருவதற்கு முன் அந்த மண்ணில் இருந்த பழைய அரசின் பெயர். அந்த ஊர்க்காரர்கள் 'டாச்சியா' என்றுதான் சொல்வார்கள். முதல் கார் சௌசெஸ்குவுக்கே பரிசாகப் போனது. அன்று இரவுதான் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாகியாவுக்குள் நுழைந்தன. மறுநாள் புகாரெஸ்டில் சௌசெஸ்கு அந்தப் படையெடுப்பைக் கண்டித்துப் பேசிய பேச்சு உலகச் செய்தி ஆனது. கார் செய்தி அதில் அமுங்கிப்போயிருக்கும்.

அடுத்த ஆண்டே, ரெனால்ட் 12-ஐ அடிப்படையாகக் கொண்ட டாசியா 1300 வந்தது. ருமேனியாவின் அம்பாசடர் என்றே இதைச் சொல்லலாம். சின்னச் சின்ன மாற்றங்களோடு 2004 வரை, அதாவது 35 வருஷம், இதே கார் ஓடியது. மொத்தம் ஏறத்தாழ 20 லட்சம் கார்கள்.

காசைக் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தால்தான் கார் கையில் கிடைக்கும். 1980-களில் சௌசெஸ்கு வெளிநாட்டுக் கடனை அடைக்க நாட்டையே வாட்டி எடுத்தபோது பெட்ரோலுக்கும் ரேஷன். ஒரு ஞாயிறு ஒற்றைப்படை நம்பர் கார்கள், அடுத்த ஞாயிறு இரட்டைப்படை நம்பர் கார்கள் மட்டுமே ஓட்டலாம் என்று விதி வந்தது. தரமும் இறங்கியது. டாசியா வைத்திருந்தவர் பாதி மெக்கானிக் ஆகிவிடுவார், வேறு வழி இல்லை.

ஆலை நிலைத்தது, ஆட்கள் குறைந்தார்கள்

1989-ல் சௌசெஸ்கு ஆட்சி கவிழ்ந்தது. அடுத்த பத்து ஆண்டுகள் ருமேனியத் தொழிற்சாலைகளுக்கு மோசமான காலம். பெரிய பெரிய ஆலைகள் வரிசையாக மூடப்பட்டன. டாசியாவும் பழைய காரையே தட்டித் தட்டி ஓட்டிக்கொண்டிருந்தது.

1999-ல் ரெனால்ட் மறுபடி வந்தது. இந்த முறை உரிமம் கொடுக்க வரவில்லை, ஆலையையே வாங்க வந்தது. முதலில் 51 சதவீதப் பங்கு, பிறகு கிட்டத்தட்ட முழுவதும். அப்போது ஆலையில் சுமார் 27 ஆயிரம் பேர் வேலை பார்த்தார்கள். சில ஆண்டுகளில் அது பாதிக்கும் கீழே வந்தது. இழப்பீடு வாங்கிக்கொண்டு போனவர்கள் பலர். இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் கட்டட வேலை, வீட்டு வேலை தேடிப் போனவர்களும் உண்டு. ஆலை பிழைத்த கதையைச் சொல்லும்போது இந்தப் பாதியைப் பலரும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

5,000 யூரோ கார்: எப்படி முடிந்தது?

ரெனால்ட்டின் அன்றைய தலைவர் லூயி ஷ்வைட்சருக்கு ஓர் யோசனை. ரஷ்யா போன்ற நாடுகளில் புதுக் கார் வாங்க முடியாத கோடிக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு நவீனமான, ஆனால் 5,000 யூரோ கார் ஒன்று கொடுத்தால்? அப்படி 2004-ல் வந்ததுதான் டாசியா லோகன்.

விலையை எப்படிக் குறைத்தார்கள் என்பது சுவாரசியமான விஷயம். இடது பக்கக் கண்ணாடியும் வலது பக்கக் கண்ணாடியும் ஒரே அச்சு. அப்போ இரண்டு அச்சுக்குப் பதில் ஒன்று போதும். டேஷ்போர்டு முழுசும் ஒரே துண்டாக வார்த்தார்கள். முன்கண்ணாடியின் வளைவைக் குறைத்தார்கள், ஏனென்றால் வளைவு கூடினால் செலவும் கூடும். ரெனால்ட்டின் மற்ற கார்களில் ஏற்கெனவே பயன்பட்ட பாகங்களை எடுத்துப் போட்டார்கள். இவ்வளவும் இன்ஜினியர்களின் கெட்டிக்காரத்தனம்.

மிச்சம் இருக்கும் காரணம் ஆலைக்குள் இருந்தது. மற்ற ஐரோப்பிய ஆலைகளில் ரோபோ செய்யும் வேலையை மியோவேனியில் பெரும்பாலும் மனிதக் கைகளே செய்தன. அங்கே ரோபோவை விட மனிதக் கை மலிவு.

மேற்கு ஐரோப்பாவில் இந்தக் காரை விற்கும் திட்டமே முதலில் இல்லை. 'எங்களுக்கும் வேண்டும்' என்று பிரான்ஸ்காரர்களே கேட்க ஆரம்பித்தார்கள். 2005-ல் அங்கேயும் விற்பனைக்கு வந்தது. இந்தியாவிலும் 2007-ல் மஹிந்திரா கூட்டணியில் நாசிக் ஆலையில் லோகன் தயாரானது. கூட்டணி முறிந்த பிறகு அதே கார் 'வெரிட்டோ' என்ற பெயரில் டாக்ஸிகளாக ஓடியது நினைவிருக்கலாம்.

2008: தெருவுக்கு வந்த சம்பளக் கணக்கு

லோகன் ஐரோப்பா முழுக்க விற்றுத் தள்ளியது. ஆலைக்கு லாபம். 2007 ஜனவரியில் ருமேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. மியோவேனி கடைகளில் விலைவாசி மேற்கு ஐரோப்பாவைப் பார்த்து ஏற ஆரம்பித்தது. சம்பளம் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. சராசரி மாதச் சம்பளம் 300 யூரோவுக்கும் கீழே. அதாவது தங்கள் கையால் செய்யும் ஐரோப்பாவின் மலிவான காரை வாங்க ஒரு தொழிலாளி ஒன்றரை வருஷச் சம்பளத்தை அப்படியே, ஒரு வேளை சாப்பிடாமல், எடுத்து வைக்க வேண்டும்.

2008 மார்ச் 24. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். மாதம் 500 லெய்க்கும் மேல் (அன்றைய மதிப்பில் சுமார் 150 யூரோ) சம்பள உயர்வு வேண்டும் என்பது கோரிக்கை. நிர்வாகம் 'இது சட்டவிரோதம்' என்று நீதிமன்றம் போனது. 'செலவு இப்படி ஏறினால் ஆலையின் எதிர்காலமே கேள்விக்குறி' என்ற எச்சரிக்கையும் வந்தது. பிரான்ஸில் இருந்த ரெனால்ட் தொழிற்சங்கத்தினர் ருமேனியத் தொழிலாளர்களுக்கு ஆதரவாக நின்றது அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. தங்கள் வேலையைப் பறிக்கும் ஆட்கள் என்று நினைத்திருக்க வேண்டியவர்களுக்கே அவர்கள் கை கொடுத்தார்கள்.

ஏறத்தாழ மூன்று வாரம் ஆலை முடங்கியது. ஏப்ரல் 11-ல் சமரசம். ஜனவரி முதல் கணக்கிட்டு மாதம் 300 லெய், செப்டம்பரிலிருந்து இன்னொரு 60 லெய் உயர்வு. கேட்டது முழுசும் கிடைக்கவில்லை. ஆனால் சுமார் 100 யூரோ உயர்வு என்பது 300-க்கும் கீழே வாங்கிக்கொண்டிருந்தவருக்குச் சின்ன விஷயம் இல்லை. கிழக்கு ஐரோப்பாவில் பல ஆலைகளின் தொழிலாளர்கள் இந்தப் போராட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

மொராக்கோ என்ற நிழல்

நிர்வாகம் சொன்ன 'எதிர்காலம் கேள்விக்குறி' வெறும் மிரட்டலா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. வேலைநிறுத்தத்துக்கு முன்பே, 2007 செப்டம்பரிலேயே, மொராக்கோவின் டான்ஜியரில் புது ஆலை கட்ட ரெனால்ட் ஒப்பந்தம் போட்டுவிட்டது. துறைமுகம் பக்கத்திலேயே. ஸ்பெயின் கடலுக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கு எட்டும் தூரம். சம்பளம் ருமேனியாவை விடக் குறைவு. 2012-ல் அந்த ஆலை திறக்கப்பட்டது.

இன்றைக்கு நிலைமை என்னவென்றால், 2024-ல் ஐரோப்பாவில் அதிகம் விற்ற கார் டாசியா சான்டேரோ. ஃபோக்ஸ்வேகன், பெஜோ எல்லாவற்றையும் முந்திய கார். ஆனால் அது பெரும்பாலும் தயாராவது மொராக்கோவில். டாசியாவின் மின்சார கார் 'ஸ்பிரிங்' சீனாவில் தயாராகி வந்தது. டாசியா என்ற பெயர் ஜெயித்தால் மியோவேனியும் ஜெயித்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாத நிலை இது.

அப்போ மியோவேனியைக் காப்பாற்றியது எது? முதலில் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். 2008 உலகப் பொருளாதார நெருக்கடியில் கார் விற்பனை எல்லா இடத்திலும் படுத்தது. 2009-ல் ஜெர்மனி அரசு பழைய காரைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டுப் புதுக் கார் வாங்கினால் 2,500 யூரோ தருவதாக அறிவித்தது. லோகன் விலையில் பெரிய பகுதி அதிலேயே போய்விட்டது. ஜெர்மானியர்கள் டாசியா ஷோரூமுக்குப் படையெடுத்தார்கள்.

இரண்டாவது காரணம், டஸ்டர்.

ஒரு பெயர், இரண்டு ஊர்

2010-ல் மியோவேனியிலிருந்து டஸ்டர் வெளியே வந்தது. அடிப்படை லோகனுடையதுதான். ஆனால் உயரமாக, கரடுமுரடான பாதைக்கு ஏற்றதாக, லோகனை விட நல்ல லாபம் தரும் காராக வந்தது. தொழிலாளிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் கணக்கு கட்டுப்படியாகும் கார். ரஷ்யா, பிரேசில், கொலம்பியா, அப்புறம் நம்ம சென்னை என்று பல ஆலைகளுக்கு இதே டிசைன் பரவியது. ஆனால் ஐரோப்பாவுக்கான டஸ்டர் மியோவேனியிடமே நின்றது.

'டஸ்டர்' என்ற பெயருக்குப் பின்னால் ஒரு சோகம் இருக்கிறது. 1980-களில் பிரிட்டனில் 'டாசியா டஸ்டர்' என்று ஒரு ஜீப் விற்றார்கள். அது மியோவேனியில் செய்தது இல்லை. வடக்கே மலையை ஒட்டி இருக்கும் கம்புலுங் என்ற ஊரின் ஆரோ ஆலையில் தயாரான வண்டி. ஆரோ ஜீப்புகள் ஒரு காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போயின. கம்யூனிஸ்ட் ஆட்சி போன பிறகு ஆலை நொடித்தது. 2003-ல் ஓர் அமெரிக்க முதலீட்டாளரிடம் விற்றார்கள். சொன்ன முதலீடு வரவில்லை. 2006-ல் திவால். இயந்திரங்கள் பழைய இரும்பு விலைக்குப் போயின. கம்புலுங்கில் ஒரு தலைமுறைக்கே வேலை போனது.

அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது மியோவேனி. இரண்டும் ஒரே மாவட்டம், ஒரே காலத்து ஆலைகள், ஒரே தொழில். ஒன்றுக்கு ரெனால்ட் வந்தது, இன்னொன்றுக்கு வரவில்லை. 'ஆலை போனால் ஊர் என்ன ஆகும்' என்று மியோவேனிக்காரர்கள் கற்பனை செய்து பார்க்கத் தேவையில்லை.

ஒரகடமும் இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்திருக்கிறது. சுமார் பத்து ஆண்டு ஓடிய டஸ்டர், 2022 தொடக்கத்தில் இந்தியச் சந்தையிலிருந்து விலகியது. பிறகு 2025-ல், நிசானிடம் இருந்த பங்குகளையும் வாங்கி சென்னை ஆலையை ரெனால்ட் முழுசாகத் தன் கைக்குக் கொண்டுவந்தது. டஸ்டர் திரும்ப வரும் என்ற அறிவிப்பும் வந்தது. எந்தக் காரை எந்த ஆலைக்குக் கொடுப்பது என்ற முடிவு பாரிஸில் எடுக்கப்படுகிறது. ஒரகடத்துக்கும் மியோவேனிக்கும் அதில் ஒரே கதிதான்.

கார் தவிர வேறு எதுவும் இல்லையா?

இருக்கிறது, பலருக்கும் தெரியாத ஒன்று. ருமேனியாவின் அணுசக்தி ஆராய்ச்சி நிறுவனமும் அணு எரிபொருள் ஆலையும் இதே மியோவேனியில்தான் இருக்கின்றன. செர்னாவோடா அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகளுக்கும் இங்கிருந்துதான் எரிபொருள் போகிறது. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்த உலைகளிலிருந்து வருகிறது. கனநீரும் இயற்கை யுரேனியமும் கொண்டு இயங்கும் 'கேண்டு' வகை உலைகள் அவை. நம்ம கல்பாக்கத்தில் இருக்கும் சென்னை அணுமின் நிலைய உலைகளும் அந்த வம்சம்தான்.

ஆனால் அணு ஆராய்ச்சிக்குப் படித்த சில நூறு பேர் போதும். ஒரு ஊரும் சுற்றுவட்டாரக் கிராமங்களும் பிழைக்க கார் ஆலைதான் வேண்டும். ஆலை கட்டும் வரியால் ருமேனியச் சிறு நகரங்களில் வசதியான ஊர் என்ற பெயர் மியோவேனிக்கு உண்டு. ஊரின் கால்பந்து அணி நாட்டின் முதல் டிவிஷன் வரை போய் விளையாடியிருக்கிறது. 30 ஆயிரம் பேர் இருக்கும் ஊருக்கு அது பெரிய விஷயம்.

இப்போது என்ன பிரச்சினை?

ரோடு. நம்பக் கஷ்டமாக இருக்கலாம், ஆனால் மியோவேனி தொழிலாளர்கள் சம்பளத்துக்கு அடுத்து அதிகம் குரல் கொடுத்தது நெடுஞ்சாலைக்குத்தான். புகாரெஸ்ட்–பிதெஷ்டி விரைவுச்சாலை 1972-லேயே வந்துவிட்டது, ருமேனியாவின் முதல் விரைவுச்சாலை. அதற்கு மேல் கார்பாத்தியன் மலையைத் தாண்டி சிபியு வரை போக வேண்டிய 120 கி.மீ. சாலை பல பத்தாண்டுகளாக இழுத்துக்கொண்டே வந்தது. அதனால் மேற்கு ஐரோப்பா போகும் லாரிகள் ஓல்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கின் குறுகலான மலைச்சாலையில் மற்ற எல்லா வண்டிகளோடும் ஊர்ந்து போகின்றன. ரயிலும் துறைமுகமும் இருந்தாலும் லாரி தாமதமானால் ஆலைக்குச் செலவு.

மொராக்கோ ஆலை துறைமுகத்துப் பக்கத்திலேயே இருக்கிறது என்பதை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். சம்பள வித்தியாசத்தைத் தொழிலாளர்களால் குறைக்க முடியாது, குறைக்கவும் மாட்டார்கள். போக்குவரத்துச் செலவையாவது அரசு குறைக்கட்டும் என்பது அவர்கள் வாதம். 2015-ல் ஆயிரக்கணக்கான டாசியா தொழிலாளர்கள் மியோவேனியிலிருந்து பிதெஷ்டி வரை நடந்தே ஊர்வலம் போனார்கள். ஒரு கார் ஆலைத் தொழிலாளர்கள் ரோடு கேட்டு நடந்து போனார்கள்!

அதன் பிறகு வேலை நகர்ந்தது. சிபியு பக்கத்து முதல் 13 கி.மீ. 2022-ல் திறக்கப்பட்டது. நடுவில் மலையைக் குடைய வேண்டிய கடினமான பகுதிகளில் இன்னும் வேலை நடக்கிறது.

ஆலைக்குள்ளும் நிறைய மாறிவிட்டது. சம்பளம் 2008-ஐ விடப் பல மடங்கு ஏறிவிட்டது. கூடவே, ஒரு காலத்தில் தேவைப்படாத ரோபோக்களும் உள்ளே வந்துவிட்டன. 2022-ல் டாசியாவின் ஒரு கோடியாவது வாகனம் இங்கிருந்து வெளியே வந்தது, அதுவும் ஒரு டஸ்டர். 2024-ல் டஸ்டரை விடப் பெரிய 'பிக்ஸ்டர்' அறிமுகமானது. அதைத் தயாரிக்கும் வேலை மொராக்கோவுக்குப் போகாமல் மியோவேனிக்கே கிடைத்தது. டாசியாவின் பெரிய, விலை கூடிய கார்கள் இனி இங்கே, சின்ன மலிவான கார்கள் அங்கே என்று இப்போதைக்கு வேலை பிரிந்திருக்கிறது. 5,000 யூரோ காரால் பேர் வாங்கிய ஊரில் இப்போது தயாராகும் பிக்ஸ்டரின் தொடக்க விலை 20 ஆயிரம் யூரோவுக்கும் மேல்.